‘தேய்ச்சத திரும்ப ஒட்டுவியா?’ – அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைத்த கல்லாவி விவசாயி

ஊத்தங்கரை தாலுகா, கல்லாவி பக்கத்தில் ஒரு சிறிய கிராமம். நிலக்கடலை வயலைச் சுற்றி நாலு பக்கமும் பழைய சேலைகளைக் கட்டிவைத்திருக்கிறார் அந்தப் பெரியவர். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று காற்றில் படபடக்கின்றன. எல்லாம் காட்டுப்பன்றிக்காக. இரண்டு வருடத்துக்கு முன்புவரை அந்த வீட்டில் பன்றியை விரட்ட வேறொன்றும் இருந்தது. அவருடைய அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற பழைய ரகம்.

அது கள்ளத் துப்பாக்கி இல்லை, லைசென்ஸ் உள்ளது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே, பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் கதை வேறு. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை.

அவருக்கு 14, 15 வயது இருக்கும்போது அப்பா முதன்முதலாக அதைக் கையில் கொடுத்தார். வறண்டு கிடந்த ஏரி. கரை மண்ணில் ஒரு சாக்கைக் கட்டி, நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். முப்பது அடி எடுத்து வைத்து நின்றார்கள். கரைக்கு அந்தப் பக்கம் ஆள், மாடு யாரும் இல்லை என்று அப்பா ஏறிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மருந்துக் குப்பியையே திறந்தார்.

முதல் குண்டு வட்டத்துக்கு ஒரு சாண் கீழே போனது. பையன் உடனே அரத்தைத் தேடினான். குழல் நுனியில் இருக்கும் சின்ன மணியைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தால், குண்டு மேலே ஏறும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். அது உண்மைதான். நுனி மணி தாழ்ந்தால், குறி வைக்கிறவர் குழலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாக வேண்டும்.

“அப்பா கையத் தட்டிவிட்டாருங்க. ‘டேய், தேய்ச்சத திரும்ப ஒட்டுவியா? ஒரு குண்டு பொய் சொல்லும். இன்னும் நாலு போடு’ன்னாரு.”

போட்டார்கள். ஒன்று மேலே, ஒன்று வலது பக்கம், ஒன்று சாக்கிலேயே படவில்லை. இதில் எதைப் பார்த்து மணியைத் தேய்ப்பது?

அப்பா சாக்கைப் பார்க்கவில்லை. குழல் வாயிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் எதையோ தேடினார். கிடைத்தது, கருகிக் கந்தலான ஒரு துணித்துண்டு.

இந்தத் துணியில்தான் விஷயமே இருக்கிறது. ஈயக் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். எண்ணெய் தடவிய துணியில் வைத்துத்தான் அதை உள்ளே தள்ளுவார்கள். துணி அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அது கிழிந்தால் புகை பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகும், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். குழலுக்குள் சுருள் காடி வெட்டிய ரைஃபிள் என்றால் துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் காடியைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழல வைக்கும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு நேராகப் போகும். 12.7 மில்லிமீட்டர் குழலுக்கு 12.45 மில்லிமீட்டர் குண்டு போடுவது வழக்கம். மிச்சம் கால் மில்லிமீட்டர்தான். அதற்குள் துணி அழுந்தி உட்கார வேண்டும். இன்றைக்கும் வெளிநாடுகளில் இந்தப் பழைய துப்பாக்கிகளுக்கு 50 மீட்டர், 100 மீட்டர் தூரத்தில் உலகப் போட்டியே நடக்கிறது.

கல்லாவி துப்பாக்கி காடி இல்லாத வழுவழுப்பான குழல். அதில் அவ்வளவு துல்லியம் வராது. ஆனாலும் அப்பா நைந்துபோன துணியை வீசிவிட்டு, நெருக்கமாக நெய்த பழைய வேட்டி ஒன்றை வெட்டினார். மருந்தின் அளவை மாற்றவில்லை, குண்டையும் மாற்றவில்லை. “ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது” என்றாராம். ஒவ்வொரு முறையும் குழலைத் துடைத்துவிட்டுச் சுட்டார்கள். அடுத்த ஐந்து குண்டுகளும் ஒரு சாணுக்குள் விழுந்தன. வட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான், ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில். அப்புறம்தான் அரத்தை மகன் கையில் கொடுத்தார். இரண்டு இழுப்பு தேய்ப்பது, சுட்டுப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்பா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். கேப்பைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். எதிரே இருப்பது என்னவென்று தெரிந்த பிறகு.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு அந்த வீட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் வெறும் மருந்துச் சத்தம்தான். குண்டு பெட்டியிலேயே கிடந்தது. ஒரே ஒரு ராத்திரி தவிர.

அது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடலை காய் பிடித்திருந்த நேரம். இரண்டு ராத்திரியில் பாதி வயலைப் பன்றி உழுதுவிட்டுப் போயிருந்தது. விதைக்கடலை வாங்கிய கடன் அப்படியே நின்றது. சுடக் கூடாது என்று தெரியும். தெரிந்தே அன்றைக்குத் துணி சுற்றிக் குண்டைப் போட்டுக் கெட்டித்தார். ஒரு மணி இருக்கும். வாய்க்கால் ஓரம் செடி அசைந்தது. கருப்பாக, தாழ்வாக ஓர் உருவம். துப்பாக்கியைத் தூக்கினார். கேப்பு இன்னும் வைக்கவில்லை. மடியில் துழாவி எடுத்து வைக்கப் போன நேரத்தில், அந்த உருவம் தீக்குச்சி கிழித்து பீடி பற்ற வைத்தது.

பக்கத்து வயல்காரர். முறையில் சித்தப்பா. ராத்திரியில்தான் த்ரீ பேஸ் கரன்ட் வரும் என்பதால் மோட்டார் போட வந்தவர், மடை திருப்பக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“குறி சரியாத்தாங்க இருந்துச்சு. அதான் பயம். எங்கப்பா பார்த்து வெச்ச குறி தப்பியிருக்காது.”

அந்தச் சித்தப்பாவிடம் இன்றுவரை இதை அவர் சொன்னதில்லை. வீட்டில் பல வருடம் கழித்து மகளிடம் மட்டும் சொன்னார். போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறார் மகள். “அளவு தப்பா வந்தா நாங்களும் உடனே மெஷின்ல கை வெக்க மாட்டோம்பா. இன்னும் நாலு பீஸ் அளந்து பார்ப்போம்” என்று ஏரிக்கரைக் கதைக்குச் சிரித்தவர், இந்தக் கதைக்குச் சிரிக்கவில்லை. “அதைக் குடுத்துடுங்கப்பா” என்றார்.

உடனே மனசு வரவில்லை. அப்பா ஞாபகமாக அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பக்கத்து மாநிலத்தில் குடகு மக்களுக்குத் துப்பாக்கி வழிபாட்டுப் பொருள். கைல்போள்து பண்டிகையில் அதற்குப் பூ வைத்துக் கும்பிட்டு, தேங்காயைக் குறி வைத்துச் சுடுவார்கள். அவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்ற விலக்கு 2029 வரை இருக்கிறது. “நமக்கும் சாமி மாதிரிதான் இருந்துச்சு” என்கிறார் பெரியவர்.

தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கும் எடுத்துப்போய்க் கொடுத்தார். முடிவு வந்த பிறகு திரும்ப வாங்கப் போகவில்லை. இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பன்றி நிற்கவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. விவசாயி சுட முடியாது. அவர் சேலை கட்டினார்.

“இந்த வருஷம் நாலு சால் கடலக்கா பன்னிக்குப் போச்சு. மீதி வீட்டுக்கு வந்துச்சு” என்கிறார். வாய்க்கால் அந்தப் பக்கம் சித்தப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.