மாடிக் கம்ப்யூட்டரும் கீழ் லேப்டாப்பும்

"இனிமேல் மாடிப்படி வேண்டாம் சார்" என்று முழங்கால் டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்தாறு வயதில் இதற்கெல்லாம் வருத்தப்படுவதற்கில்லை. விழுப்புரத்தில் வீடு கட்டியபோது, மாடியில் ஒரு தனி அறை, அதில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் என்று ஆசையாக அமைத்துக்கொண்டேன். இப்போது அந்த அறை எனக்கு வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது. கீழே கூடத்தில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

லேப்டாப் இருக்கும்போது என்ன குறை என்று கேட்பீர்கள். குறை அண்ணன் விஷயத்தில்தான்.

அண்ணனுக்கு எண்பத்து நான்கு. பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். பாண்டிச்சேரியில் நாங்கள் இருவரும் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஊர்ப் பேச்சில் சொன்னால் 'சொல்தா' ஆனார். 1954 நவம்பர் 1 அன்றே நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் சின்னப் பையன், அவரோடு இந்தியன் ஆனேன். அண்ணன் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அப்பா அவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பிரான்சிலிருந்து கடிதங்கள் வந்தன. இங்கிருந்து பதில் போகவில்லை. 1965-ல் அப்பா காலமானார். அம்மா என்னை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு, திண்டிவனத்துக்கு வந்துவிட்டார். அப்புறம் நான் தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் எழுதி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆனதெல்லாம் இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன்.

இப்போது அண்ணனுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வீடியோவில் பேசுகிறோம்; அங்கே மதியம். பேச்சு பழைய நாளில்தான் நிற்கிறது. "அம்மா மாடியில் நின்று எடுத்த படம் இருந்ததே, காட்டு" என்பார். "நாம் படித்த கிளாஸ் போட்டோ?" என்பார். கேட்ட படத்தை அந்த நிமிஷம் காட்டினால் முகம் மலரும். மறுநாள் காட்டினால், ஏன் காட்டுகிறாய் என்பதுபோல் பார்ப்பார்.

படங்கள் எல்லாம் மாடிக் கம்ப்யூட்டரில். திண்டிவனத்து வீட்டை விற்றபோது வந்த தகரப் பெட்டியும் மாடியில். ஸ்கேனரும் அங்கேதான். என் மருமகள் தினமும் சமையல் முடித்து, பத்துப் பதினைந்து தாள்களை ஸ்கேன் செய்து போடுகிறாள்.

"பென்டிரைவில் போட்டுத் தருகிறேனே மாமா" என்றாள். சில நாள் அப்படித்தான் ஓடியது. ஆனால் பதிவறையில் காலம் தள்ளியவனுக்கு ஒன்று தெரியும்: ஒரே கோப்புக்கு இரண்டு நகல் இருந்தால் எது கடைசி நகல் என்ற சண்டை ஓயாது. பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், நான் கீழே இருந்து திறந்து பார்க்க வேண்டும் என்றேன்.

விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பகிர்வது பெரிய வித்தை இல்லை. மாடியில் அதைச் செய்தாகிவிட்டது. கீழே லேப்டாப்பில் 'நெட்வொர்க்' என்ற இடத்தைத் திறந்தால், என் லேப்டாப் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. மாடிக் கம்ப்யூட்டர் இல்லவே இல்லை. ஆனால் இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது! அமெரிக்கா தெரிகிறது, மாடி தெரியவில்லை.

உள்ளூரில் பார்க்க வந்த பையன், கேபிளில் இருப்பதும் வைஃபையில் இருப்பதும் ஒன்றோடொன்று பேசாது சார், புதிதாக ஒரு லேப்டாப் வாங்கிவிடுங்கள் என்றான். அது தவறு. கேபிளும் வைஃபையும் வழிதான். ஒருவர் ரயிலிலும் ஒருவர் பஸ்ஸிலும் வந்தால் சந்திக்க முடியாதா என்ன?

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன். அவனுக்குப் போன் போட்டேன். "பெரியப்பா, முதலில் இரண்டு மெஷின் நம்பரையும் படியுங்கள்" என்றான்.

கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் அந்த நம்பர் வரும். என் லேப்டாப் 192.168.1.7. மாடியிலிருந்து மருமகள் படித்தாள்: 192.168.0.101.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே தாலுகா. எனக்கு மூன்றாவது பகுதி 1, மாடிக்கு 0. ஒரே வீட்டுக்குள் திண்டிவனம் தாலுகாவும் செஞ்சி தாலுகாவும்!

காரணமும் தெரிந்தது. இன்டர்நெட் கம்பி கீழ்க்கூடத்து மோடத்தில் வந்து சேர்கிறது. வைஃபை அதிலிருந்துதான். அங்கிருந்து ஒரு கேபிள் மாடிக்குப் போய், என் பழைய ரவுட்டரில் நுழைகிறது. கம்ப்யூட்டர் அந்த ரவுட்டரில் மாட்டியிருக்கிறது. மோடம் தன்னிடம் வந்தவர்களுக்கு ஒரு வரிசையில் நம்பர் கொடுக்கிறது; ரவுட்டர் தன் பங்குக்கு வேறு வரிசையில் கொடுக்கிறது. வீட்டுக்கு இரண்டு தாசில்தார்.

அடுத்து 'பிங்' பார்க்கச் சொன்னான். ஒரு மெஷின் இன்னொன்றைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பது. மாடியிலிருந்து என் நம்பரைக் கூப்பிட்டதும் நாலு பதில் வந்தது. கீழே இருந்து மாடியைக் கூப்பிட்டால் நாலு தடவையும் பதில் இல்லை. ரவுட்டர், உள்ளே இருப்பவர் வெளியே போனால் வழி விடும். வெளியே இருந்து தானாக வருபவரை உள்ளே விடாது. அதன் வேலையே அதுதான், குற்றம் சொல்ல முடியாது. நாம் அதை நடு வீட்டில் வைத்ததுதான் பிழை.

பழுது பார்த்தது இப்படி. மாடி ரவுட்டரின் செட்டிங்குக்குள் போய், அதன் சொந்த நம்பரை 192.168.1.250 என்று மாற்றினோம். மோடம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரிசையில் அது வராது என்று பார்த்துக்கொண்டோம். பிறகு 'டி.எச்.சி.பி.' என்பதை நிறுத்தினோம். நம்பர் கொடுக்கும் அதிகாரம் அதுதான். கடைசியாக, கீழேயிருந்து வரும் கேபிளை, தனியாக இருக்கும் 'வான்' துளையிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் வரிசையாக இருக்கும் 'லான்' துளைகளில் ஒன்றில் மாட்டினாள் மருமகள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் 192.168.1.9 என்று வந்தது. ஒரே தாலுகா. பிங் இரண்டு பக்கமும் போனது.

அதோடு முடியவில்லை. கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு இணைப்பை 'பப்ளிக்' என்று, அதாவது பஸ் ஸ்டாண்டு வைஃபை மாதிரி நினைத்துக்கொண்டு ஒளிந்திருந்தது. அதை 'பிரைவேட்' ஆக்கினோம். பெயர் தெரிந்தது, திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. மாடிக் கம்ப்யூட்டருக்கு நான் பாஸ்வேர்டே வைத்ததில்லை. பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் வெளியிலிருந்து நுழைய விண்டோஸ் விடாது. வைத்தோம். அம்மாவின் ஊர், திண்டிவனம், ஆங்கில எழுத்தில். (பிறகு மாற்றிவிட்டேன், முயற்சி செய்ய வேண்டாம்.) கீழே அதையே அடித்தால் தவறு என்கிறது. மூன்று தடவை. மாடியில் அதே பாஸ்வேர்டு சரி என்கிறது.

அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அண்ணனுக்குப் பிரெஞ்சில் கடிதம் அடிக்க, பல வருஷம் முன்பு மாடிக் கம்ப்யூட்டரில் பிரெஞ்சு விசைப்பலகையை நானே வைத்திருந்தேன். பிரெஞ்சு வரிசையில் 'ஏ' இருக்கும் இடத்தைத் தட்டினால் 'க்யூ' விழும். 'எம்'மும் இடம் மாறும். திரையில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் மருமகள் எதை அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. விசைப்பலகையை மாற்றி, பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தோம். ஃபோல்டர் திறந்தது. மணி ஐந்தே முக்கால்.

அண்ணன் பேசுவதற்கு முன் புதிதாக ஏறியதை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். மின்சார ரசீது, நிலவரி ரசீது, நடுவே ஒரு தாள். அப்பாவின் கையெழுத்து. பிரெஞ்சில் இருந்ததால் மருமகள் அதையும் ஒரு ரசீது என்றே நினைத்து ஸ்கேன் செய்திருக்கிறாள். 'மோன் ஷேர் ஃபீஸ்', அன்பு மகனே என்று தொடங்குகிறது. தேதி 1965, அப்பா போவதற்கு மூன்று வாரம் முன்பு. உன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உன் அம்மா இன்னும் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள் என்று இருக்கிறது. அங்கே குளிர் என்கிறார்கள், நல்ல கம்பளி வாங்கிக்கொள் என்று இருக்கிறது. அடுத்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.

ஆறரைக்கு அண்ணன் வந்தார். நான் ஒன்றும் முன்னுரை சொல்லவில்லை. தாளைத் திரையில் காட்டி, படித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேதி என்ன போட்டிருக்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னொரு தடவை படி" என்றார்.

மறுநாள் அவருக்கு அது நினைவில்லை. "அப்பா என்மேல் கடைசி வரைக்கும் கோபமாகத்தான் இருந்தார், இல்லையா?" என்று வழக்கம்போலக் கேட்டார். இரு அண்ணா என்று சொல்லி, ஃபோல்டரைத் திறந்தேன். அன்றிலிருந்து பெரும்பாலான நாள் அந்தத் தாள் ஒரு தடவையாவது வெளியே வருகிறது. அவருக்கு ஒவ்வொரு நாளும் அது புதிதாக வந்த தபால்.

உங்கள் வீட்டிலும் இரண்டு கம்ப்யூட்டர் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால், புதிது வாங்க ஓடாதீர்கள். இரண்டின் நம்பரிலும் முதல் மூன்று பகுதி ஒன்றா என்று பாருங்கள். 'கெஸ்ட்' வைஃபையில் மாட்டியிருந்தாலும் தெரியாது. 'பப்ளிக்' என்று இருந்தால் மாற்றுங்கள். கணக்குக்குப் பாஸ்வேர்டு இருக்கட்டும். மாடிக் கம்ப்யூட்டர் தூங்காமல் விழித்திருக்க வேண்டும். அதற்கு மட்டும் மருமகள் ஆறு மணிக்கு மாடி ஏறி ஒரு கட்டையைத் தட்டிவிட்டு வருகிறாள்.