வீடு மாறும் முன் பாரிமுனைக்கு ஒரு நடை

ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது, மார்கழியிலும் ஆகாது. அதனால்தான் ஆனிக் கடைசியிலும் தை பிறந்த கையோடும் சென்னையின் வாடகை வீடுகளில் அவ்வளவு பரபரப்பு. அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், வண்டி வாடகை என்று பணம் கரைந்த பிறகு, கடைசியாகத்தான் அட்டைப்பெட்டி நினைவுக்கு வரும். தெருமுனைக் கடையில் ஒன்றிரண்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கட்டாக வாங்குவதற்குப் பாரிமுனைதான் சரி.

வண்டியை எடுத்துக்கொண்டு போனால், நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். 2019-ல் மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் ஆண்டர்சன் தெரு நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஆண்டர்சன் தெரு காகிதத்துக்குப் பேர்போனது. ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை, அடுத்ததில் கணக்கு நோட்டு, அதற்கடுத்ததில் ரீம் ரீமாக வெள்ளைத்தாள். இங்கும் சுற்றியுள்ள சந்துகளிலும் பெட்டி, டேப், கயிறு எல்லாம் கிடைக்கும். சரக்கு ஏற்றிய மீன்பாடி வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் கேட்பது, “எத்தனை பிளை சார்?” விழிக்க வேண்டியதில்லை. இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே நெளிநெளியான தாள் ஒன்று இருந்தால் 3 பிளை. அந்த நெளிவு இரண்டு அடுக்காக இருந்தால் 5 பிளை. துணிமணி, தலையணை, பிளாஸ்டிக் டப்பாவுக்கு 3 பிளை போதும். மிக்ஸி, எவர்சில்வர் பாத்திரம், புத்தகம் என்றால் 5 பிளை நல்லது.

பெரிய பெட்டியாக வாங்கினால் எண்ணிக்கை குறையும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதில் புத்தகத்தை நிரப்பினால் இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. தூக்கினால் அடி பிய்ந்துகொள்ளும். கனமான சாமானுக்குச் சின்னப் பெட்டி, லேசான சாமானுக்குப் பெரிய பெட்டி. செலவும் முதுகும் மிச்சமாவது இந்தக் கணக்கில்தான்.

எல்லாம் புதுப்பெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சரக்கு வந்து இறங்கிய பெட்டிகளைப் பழைய விலைக்குப் போடும் கடைகளும் உண்டு. வாங்கும் முன் மூலைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். பெட்டியின் பலம் மூலைகளில்தான் இருக்கிறது. மூலை நசுங்கியதும், ஒரு தடவை நனைந்து காய்ந்ததும் அடுக்கத் தாங்காது. எண்ணெய்க் கறையோ மளிகை வாசனையோ இருந்தால் வைத்துவிட்டு வருவதே நல்லது. இல்லாவிட்டால் கரப்பான்பூச்சியும் கூடவே குடிவரும்.

டேப் விஷயத்தில் மட்டும் சிக்கனம் உதவாது. மலிவான டேப் பாதி வழியிலேயே விட்டுவிடும். பெட்டியின் அடிப்பக்கத்தில் நடுக்கோட்டில் ஒட்டினால் மட்டும் போதாது; குறுக்கேயும் ஒரு சுற்று ஒட்ட வேண்டும்.

குமிழ்குமிழாக இருக்கும் பபிள் ரேப்பும் அதே கடைகளில் ரோலாகக் கிடைக்கும். 1957-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்றபோது பிறந்தது இது. சுவருக்கு ஆகாதது பொட்டலத்துக்கு ஆனது. ஆனால் முழு ரோல் வாங்க அவசியமில்லை. கண்ணாடிச் சாமான், சாமி படம், கொலு பொம்மைக்கு மட்டும் போதும். மற்றவற்றுக்குப் பழைய பருத்திப் புடவையும் துண்டும் இருக்கின்றன. அவற்றையும் எப்படியும் கொண்டுபோகத்தானே வேண்டும்? பீங்கான் தட்டுகளைப் படுக்கவைக்காமல், ஒவ்வொன்றாகச் சுற்றி நிற்கவைத்து அடுக்கினால் உடைவது குறையும்.

பெட்டிகளை மடக்கிக் கட்டாகத்தான் தருவார்கள். ஒரு ஆட்டோ போதும். புறப்படும் முன் தடித்த மார்க்கர் பேனா ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். “சமையலறை” என்று பெட்டியின் மேலே எழுதினால் அடுக்கிய பிறகு கண்ணில் படாது; பக்கவாட்டில் எழுத வேண்டும். புது வீட்டில் முதல் நாள் தேவைப்படும் சாமானெல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அது வண்டியில் கடைசியாக ஏறி முதலில் இறங்கட்டும்.

எத்தனை பெட்டி வாங்கினாலும் சில பொருள்களுக்கு அதில் இடமில்லை. வீட்டுப் பத்திரம், நகை, பெரியவர்களின் மாத்திரை ஆகியவை கைப்பையிலேயே வர வேண்டும். குத்துவிளக்கும் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் வீட்டுப் பெண்களின் கையில், வண்டிக்கு முன்பே புது வாசலைத் தாண்டும். பால் பொங்கிய பிறகு பெட்டிகள் மெதுவாக இறங்கினால் போதும்.