பழையதைத் திறக்கும் வாசல்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையை விட்டு விலகித் தேயிலைச் சரிவுகளூடே மேலேறினால், மூடுபனியில் பாதி நாள் மறைந்துகிடக்கும் தோட்டப் பாடசாலை ஒன்று உண்டு. அங்கேதான் நாம் நெடுங்காலம் கற்பித்தோம். மொழியும் வரலாறும் எமது பாடங்கள். கணினி நுட்பத்தை முறையாகக் கற்றவரல்லோம். ஆயினும் ஒரு புதிய பணிசெயல் முறைமைக்கு அருகே பழையதொன்றை நிறுவும் வேலையில் நாம் இறங்க நேர்ந்தது. இறக்கிவிட்டவள் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி.

"சேர், எங்க அம்மாயி பேசினத நீங்க எழுதி வச்சிருக்கீங்களாமே. அத நான் ஒருக்கா வாசிக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

வைத்திருந்தோம் என்பது உண்மை. வாசிக்கக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களுள் எஞ்சியோருக்கு 2003 இல் நிறைவேறிய சட்டமொன்று குடியுரிமை வழங்கிற்று. அதற்கு அடுத்த ஆண்டில், உயர்வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு லயம் லயமாகச் சென்றோம். பதினெட்டு முதியவர்கள் பேசினர். பேசியதை ஒலிநாடாவில் பதிந்து, தட்டெழுதி, நூற்பக்கங்களாக வடிவமைத்து, இறுவட்டில் சேமித்தோம். அச்சகத்துக்குக் கொடுக்கப் பணம் திரளவில்லை. காலம் கழிந்தது. ஒலிநாடாக்கள் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து அழிந்தன. பேசிய பதினெண்மரும் ஒருவர் பின் ஒருவராக மண்ணுக்குள் சென்றனர். எஞ்சியது அந்த இறுவட்டு மட்டுமே.

மாணவியை அருகிலிருத்தி, விண்டோஸ் 10 இயங்கும் பாடசாலைக் கணினியில் இறுவட்டை இட்டோம். திறந்த சில கோப்புகளில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் எறும்புப் புற்றைக் கலைத்தாற்போல் சிதறிக்கிடந்தன. "இது அம்மாயி பேசினதா?" என்று அவள் கேட்டபோது எமக்கு வெட்கமாக இருந்தது.

அக்காலத்தில் இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் நாம் தட்டெழுதியிருந்தோம். பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால், கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்பனவே. அந்த ஆங்கில எழுத்துகளின் மீது தமிழ் உருவம் போர்த்தப்படுகிறது. போர்வை இல்லாத கணினியில் தமிழும் இல்லை. யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. ஆயினும் அது எமது மேசைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

பாமினியை நிறுவியதும் சில கோப்புகள் கண் திறந்தன. பெரும்பாலானவையோ பேஜ்மேக்கரில் வடிவமைத்தவை. அம்மென்பொருளின் 7 ஆம் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். எமது பிரதியைப் புதிய முறைமையில் இயக்க எம்மால் இயலவில்லை. பழைய பூட்டுக்குப் பழைய சாவியே வேண்டியதாயிற்று.

புதிய முறைமைக்குள்ளேயே பழையதை ஒரு மெய்நிகர்க் கணினியாக இயக்குவது எளிய வழி என்று அறிந்தோர் கூறினர். அதற்கு நினைவகம் தாராளமாக வேண்டும். எமது கணினிக்கு இருந்ததோ 2 கிகாபைட். ஏறத்தாழ 2010 இல் ஆக்கப்பட்டு, எங்கோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டபின் எம்மிடம் வந்த பெட்டி அது. அந்த முதுமையே ஒருவகையில் எமக்கு உதவிற்று. இன்றைய கணினிகளின் வன்தட்டுகள் பிரிக்கப்படும் முறையில் எக்ஸ்பி தொடங்க மாட்டாது. எமது பெட்டியின் வன்தட்டு பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது.

ஆகவே வன்தட்டையே பங்கிட முனைந்தோம். முதலில் உள்ளவற்றையெல்லாம் வெளித்தட்டொன்றில் பிரதி எடுத்தோம். பின் புதியதன் பிரிவைச் சுருக்கி, 20 கிகாபைட் இடத்தைப் பழையதற்கென ஒதுக்கினோம். எக்ஸ்பி இறுவட்டை இட்டபோது, வன்தட்டே இல்லை என்று அது சாதித்தது. பிற்கால வன்தட்டு இணைப்பு முறையை அது அறியாது. கணினியின் அடிப்படை அமைப்பில் புகுந்து பழைய முறைக்கு மாற்றிய பின்னரே வேலை நகர்ந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் சென்றது. மாலையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக எக்ஸ்பி எழுந்தது. மாணவர்கள் கைதட்டினர்.

அடுத்த கணம்தான் எமது தவறு தெரிந்தது. புதியது காணாமற் போயிருந்தது.

அது அழியவில்லை. கணினி விழித்தவுடன் 'எதனை எழுப்புவது' என்று தீர்மானிக்கும் சிறு நிரலொன்று வன்தட்டின் தலைமாட்டில் இருக்கும். எக்ஸ்பி தன் வழக்கப்படி அதனை நீக்கிவிட்டுத் தன்னுடையதை அமர்த்தியிருந்தது. தனக்குப் பின் பிறந்த முறைமைகள் எவையும் அதற்குத் தெரியா. எனவே அவற்றை எழுப்பவும் தெரியாது. புதியதற்கோ பழையதை எழுப்பும் அறிவு தரப்பட்டிருக்கிறது. இதனால்தான் பழையதை முதலிலும் புதியதைப் பின்னரும் நிறுவுவது முறை. வரிசையை மாற்றியோர் புதியதன் நிறுவல் வட்டைக் கொண்டு வாசலைச் செப்பனிட்டு, அதன் பட்டியலில் பழையதன் பெயரையும் எழுதவேண்டும். இரண்டு நாட்கள் திண்டாடி அதனைச் செய்து முடித்தோம். பின்னர் கணினி விழித்தபோது திரையில் இரு பெயர்கள் தோன்றின. 30 விநாடிக்குள் தெரிவு செய்யவேண்டும்.

இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழச் சில ஒழுங்குகளும் வேண்டியிருந்தன. புதியதன் 'விரைவுத் தொடக்கம்' எனும் வசதியை நிறுத்தினோம். அது பாதி உறக்கத்தில் கிடக்கையில் பழையது அதன் கோப்புகளைத் தொட்டால் சேதம் விளையும். பழையதை வலையமைப்பிலிருந்து முற்றாகத் துண்டித்தோம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 உடன் நின்றுவிட்டன. 2017 மே மாதத்தில் திருத்தம் பெறாத கணினிகளைத் தேடிப் பரவிய வன்னாகிரை எனும் தீநிரல், பிரித்தானியாவின் மருத்துவமனைகளைக்கூட முடக்கிற்று. பழைமையைப் பேணுவது வேறு, கதவைத் திறந்துபோட்டு உறங்குவது வேறு.

அன்பர்களே, இங்கே நாம் பழைமையின் புகழ் பாடவில்லை. வாசற்காவலைப் பழையதிடம் ஒப்படைத்தால் அது புதியதை மறைத்துவிடும் என்பதைக் கண்டோம். ஆனால் பழையதன் வயிற்றில் மக்களின் சொத்து இருக்கையில் அதனைத் தூக்கியெறிவது முன்னேற்றமாகுமா? எது பழையது, எந்நாளில் பழையதாகிறது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 இல் முடிந்தது. அதன் வாரிசான விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு எமது பெட்டியில் இல்லை. நன்றாக ஓடும் இயந்திரம் ஒரு தேதியால் முதுமையடைகிறது. 1991 இல் தோன்றிப் பலர் உழைப்பால் வளர்ந்த லினக்ஸ் போன்ற பொதுவுடைமையான முறைமைகளை எமது பாடசாலைகள் நாடவேண்டியதன் நியாயம் இதுவே.

தேதியொன்றினால் பழையவராக்கப்படுவதன் பொருள் எமது மக்களுக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என்றது. வகுக்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை.

மாணவியின் அம்மாயி அதைப் பற்றித்தான் பேசியிருந்தார். பழைய முறைமையில் பேஜ்மேக்கர் திறந்தது. ஏழாம் பக்கத்தில் அவர் இருந்தார். தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தமக்கு இலங்கைப் பதிவு. தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் போவோரை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தது. பதுளை நிலையத்தில் தம்பியை அதில் ஏற்றிவிட்டு, அவர் நடந்தே தோட்டத்துக்குத் திரும்பினாராம். மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாராம். போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மாணவி அதனை இரு முறை வாசித்தாள். "அம்மாயிக்குத் தம்பி இருந்ததே எங்களுக்குத் தெரியாது சேர்" என்றாள்.

அன்றே அடுத்த வேலை தொடங்கிற்று. பழைய முறைமையிலிருந்து எழுத்துகளை வெளியெடுத்து யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றும் நிரல்கள் உள்ளன. ஆயினும் கண்ணும் வேண்டும். பாமினியில் 'கொ' என எழுத முதலில் கொம்பு, பின் ககரம், பின் கால் என மூன்று விசைகள். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி அதன் பின். இந்த இடமாற்றத்தில் சில சொற்கள் உருச்சிதையும். எட்டு மாணவர்கள் வரி வரியாக ஒப்புநோக்கினர். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முதலில் திஸ்கி எனும் குறிமுறையில் சேர்த்த இலக்கியங்களை இவ்வாறே யூனிகோடுக்குக் கொணர்ந்தது. 2005 இல் தோன்றிய 'நூலகம்' இணைய நூலகம் ஈழத்து நூல்களைத் திரட்டி யாவருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அவற்றின் பெரும்பணிக்கு முன் எமது பதினெட்டுப் பேரின் பேச்சு சிறிது. ஆனால் அதனை நாம் காக்காவிடில் வேறெவரும் காக்கப்போவதில்லை.

ஆசிரிய நண்பர்கள் தத்தம் பாடசாலை அலுமாரிகளைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம். சங்கக் கூட்டக் குறிப்பு, நின்றுபோன கையெழுத்துச் சஞ்சிகை, யாரோ ஒரு முதியவரின் பேச்சு என்று ஏதேனும் ஓர் இறுவட்டில் இருக்கக்கூடும். இறுவட்டும் நிலையானதன்று, எமது வட்டிலேயே இரண்டு கோப்புகள் இறுதிவரை திறக்கவில்லை. பழையதற்கு ஒரு வாசல் அமையுங்கள். உள்ளிருப்பதை வெளியே கொணருங்கள். கொணர்ந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

எமது கணினியில் எக்ஸ்பி இன்னும் இருக்கிறது. மூன்று முதியவரின் பக்கங்கள் ஒப்புநோக்கப்படவேண்டியுள்ளன. அவை முடிந்ததும் அந்த 20 கிகாபைட்டையும் அழித்து இளைய வகுப்பாருக்குக் கொடுத்துவிடுவோம்.