முதல் கோணல்

விளையாட்டுத் திடலில் ஓடி வியர்ப்பவர் சிலர். படிக்கட்டில் அமர்ந்து வியர்ப்பவர் பலர். ஆடுபவன் தோற்றால் மறுநாட் காலையில் மீண்டும் பயிற்சிக்குச் செல்கிறான். அவனுக்குச் செய்வதற்குத் தொழில் இருக்கிறது. பார்ப்பவனுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. தோல்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவதைத் தவிர அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, ஆடியவனுடைய துயரம் சில நாள்களில் ஆறிவிட, பார்த்தவனுடைய சினம் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது!

அத்தகைய சினத்தை அதன் முழு உருவில் காண விரும்புவோர், அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் பக்கம் சற்றே கண்ணைத் திருப்ப வேண்டும். நம் நாட்டார் அறிந்த காற்பந்தன்று அது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தடுப்போரை மோதிக் கடந்தும் ஆடும் ஆட்டம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் நடைபெறுவது. இதன் கொடுமை என்னவெனில், ஒரு பருவத்தில் ஒரு குழு ஆடும் வழக்கமான ஆட்டங்கள் 12 மட்டுமே. இன்று 12 குழுக்கள் கலந்துகொள்ளும் இறுதிச் சுற்று உண்டு. 2007ஆம் ஆண்டிலோ தரவரிசையில் முதலிரு இடம் பெற்ற குழுக்களே வாகைக்காக மோத முடியும். ஆகவே, தொடக்கத்தில் ஓர் ஆட்டம் தோற்றாலும் ஓராண்டுக் கனவு கலைந்துவிடக் கூடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817இல் தோன்றியது. அதன் காற்பந்துக் குழு 1879இல் ஆடத் தொடங்கியது. ஆன் ஆர்பர் நகரிலுள்ள அதன் விளையாட்டரங்கம் 1927இல் திறக்கப்பட்டது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் அமரலாம். மஞ்சளும் நீலமும் அக்குழுவின் நிறங்கள். பாட்டன் கைப்பிடித்து அழைத்துச் சென்ற பேரன், பின்னாளில் தன் பேரனை அழைத்துச் செல்லும் இடம் அது. அங்கே ரசிகனாவது ஒருவன் தேர்ந்தெடுக்கும் பொழுதுபோக்கன்று. குலச்சொத்தைப் போல் வந்து சேரும் உரிமை எனலாம்.

2006ஆம் ஆண்டு அக்குழு தொடர்ந்து 11 ஆட்டங்களில் வென்று, பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் குழுவிடம் 42க்கு 39 என வீழ்ந்தது. இலக்கைத் தொட மூன்றே புள்ளிகள் குறைந்தன. பந்தெறிவதில் வல்ல சாட் ஹென்னி, பந்தேந்தி ஓடும் மைக் ஹார்ட், மலைபோல் நின்று தடுக்கும் ஜேக் லாங் ஆகிய மூவரும் தொழில்முறை ஆட்டத்திற்குப் போய்விடாமல் இறுதியாண்டையும் ஆடி முடிக்கத் திரும்பினர். 2007இன் தொடக்கத் தரவரிசையில் மிச்சிகனுக்கு ஐந்தாம் இடம். ரசிகன் உள்ளத்தில் நம்பிக்கை ஊற்றெடுத்ததில் வியப்பென்ன?

செப்டம்பர் முதல் நாள். முதல் ஆட்டத்திற்கு வந்தது வட கரோலினா மாநிலத்து மலையூராகிய பூனைச் சேர்ந்த அப்பலேச்சியன் ஸ்டேட் குழு. அது அப்போது இரண்டாம் நிலைப் பிரிவைச் சார்ந்திருந்தது. அந்நாளில் மேல்நிலைக் குழு 85 ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்க முடிந்தது. அப்பிரிவுக் குழுவுக்கு 63 முழு உபகாரச் சம்பளங்களுக்கு ஈடான தொகையே உச்ச அளவாக இருந்தது. பெரிய குழுக்கள் இத்தகையோரை அழைப்பது வெற்றியை எளிதில் பெறுவதற்கே. ஆனால், வந்தவர்கள் தம் பிரிவில் முந்திய ஈராண்டும் வாகை சூடியவர்கள் என்பதை அரங்கில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

ஆட்டத்தின் பாதியில் அவர்கள் 28க்கு 17 என முன்னின்றனர். ஆட்டக்காரர்களைத் திடலின் அகலமெல்லாம் பரப்பி நிறுத்தி விரைந்து தாக்கும் அவர்களது முறைக்கு மிச்சிகன் தற்காப்பு ஈடுகொடுக்கத் திணறியது. பிற்பாதியில் மைக் ஹார்ட் 54 கெஜம் ஓடி, தம் குழுவுக்கு 32க்கு 31 என முன்னிலை தேடித் தந்தார். 26 நொடிகள் எஞ்சியிருந்தபோது எதிரணி பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் பெற்று 34ஐ எட்டியது. மிச்சிகனுக்கு இறுதியாக ஓர் உதை வாய்த்தது. 37 கெஜத் தொலைவு. அது சென்றிருந்தால் வெற்றி. கோரி லிஞ்ச் என்னும் எதிரணி வீரர் பாய்ந்து அதைத் தடுத்தார். ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கம் ஊமையாயிற்று. ஐந்தாம் இடத்திலிருந்த குழு மறுவாரத் தரவரிசைப் பட்டியலிலேயே இல்லாமற் போனது.

அடுத்த சனிக்கிழமை ஓரிகன் குழு வந்தது. 39க்கு 7 என வென்று சென்றது. அதே அரங்கம், அதே நோய்! பரந்து நின்று விரைந்து தாக்கும் முறைக்கு முன் மீண்டும் திகைப்பு. போதாக்குறைக்கு ஹென்னியும் அடிபட்டு வெளியேறினார்.

இனி ரசிகன் வாய் சும்மா இருக்குமா? முதல் கோணல் முற்றும் கோணல் என்னும் நம் பழமொழி அவனுக்குத் தெரியாது. ஆயினும் அவன் பேசியது அதன் பொருளைத்தான். அவன் கூறிய குறைகளைக் கோபப் பேச்சென்று தள்ளிவிடவும் முடியாது. முதல் ஆட்டத்தில் இருமுறை கூடுதலாக இரண்டு புள்ளிகள் பெற முயன்று இருமுறையும் தவறினர். எளிய ஒரு புள்ளியைப் பெற்றுக்கொண்டே சென்றிருந்தால் 34ஐத் தாமும் தொட்டிருக்கலாமே என்றான். எதிரி சிறியவன் என்று ஆயத்தத்தில் அசட்டை காட்டினர் என்றான். உலகம் புதிய முறைக்கு மாற, பயிற்றுநர் லாயிட் கார் பழைய தடத்திலேயே நடக்கிறார் என்றான். 1997இல் ஒரு தோல்வியுமின்றிக் குழுவை நாட்டின் முதலிடத்திற்கு உயர்த்தியவர் அவரே என்பது அப்போது அவன் நினைவில் நிற்கவில்லை.

குற்றம் காண்பதில் ரசிகன் பெரும்பாலும் பிழை செய்வதில்லை. தீர்ப்பு எழுதுவதில்தான் பிழை செய்கிறான். ‘இந்த ஆட்டத்தில் தவறினார்கள்’ என்பது குற்றங்காணல். ‘இவர்கள் இவ்வளவுதான்’ என்பது தீர்ப்பு. அத்தீர்ப்பைப் பெற்றவர்கள் யார்? பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட மாணவர்கள். தம் பெயரையும் உருவையும் கொண்டு பொருளீட்டும் உரிமைகூட 2021இல்தான் அவர்களுக்குக் கிட்டியது. 2007இல் உபகாரச் சம்பளமே அவர்களது ஊதியம். வெள்ளிக்கிழமை வகுப்பில் அமர்ந்து, சனிக்கிழமை ஒரு லட்சம் பேரின் கண்முன் தவறி, திங்கட்கிழமை மீண்டும் வகுப்பிற்குச் செல்ல வேண்டியவர்கள்.

அவர்கள் சென்றார்கள்; பயிற்சியும் செய்தார்கள். மூன்றாம் ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் ராயன் மேலட் பந்தெறியும் பொறுப்பேற்க, நோட்ர டாம் குழுவை 38க்கு 0 என வென்றனர். அதிலிருந்து தொடர்ந்து எட்டு வெற்றிகள். பின்னர் இரு தோல்விகள் வந்தன; ஒஹாயோ ஸ்டேட்டிடமும் மீண்டும் தோற்றனர். அக்குறை தீரவில்லை. ஆயினும் 2008ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், முந்திய பருவத்தின் வாகையராகிய ஃபுளோரிடா குழுவை 41க்கு 35 என வீழ்த்தி, ஓய்வு பெறவிருந்த பயிற்றுநரைத் தோளில் தூக்கிச் சென்றனர். கணக்கு, 9 வெற்றி 4 தோல்வி. அந்தப் பழமொழி மிச்சிகனிடம் பலிக்கவில்லை. நோட்ர டாமுக்கோ பலித்தது. முதல் ஐந்து ஆட்டங்களையும் இழந்த அக்குழு மூன்றே வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. முதல் கோணல் ஓர் எச்சரிக்கை, விதியன்று.

ரசிகன் விரும்பிய மாற்றமும் வந்தது. புதிய தாக்குதல் முறையில் பெயர்பெற்ற ரிச் ரொட்ரிகஸ் பொறுப்பேற்றார். 2008இல் கிடைத்தவை 3 வெற்றி, 9 தோல்வி. நாட்டின் வாகையை மிச்சிகன் மீண்டும் சூட 2023ஆம் ஆண்டுப் பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவு ஏசிய ரசிகன் என்ன செய்தான்? 1975 நவம்பர் முதல், கொள்ளைநோய் சூழ்ந்த 2020ஆம் ஆண்டு நீங்கலாக, அவ்வரங்கில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்துள்ளனர். ஒன்பது தோல்வி கண்ட 2008உம் அதற்கு விலக்கன்று! வாய் கைவிட்டதைக் கால்கள் கைவிடவில்லை. அவனது சினமும் ஒருவகை உறவே. அயலார் தோல்விக்கு எவரும் உறக்கம் இழப்பதில்லை அன்றோ?

ஆண்டின் முதல் தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியர் இந்த ரசிகனை நினைத்துக்கொள்வது நன்று. தவற்றைச் சிவப்பு மையால் சுழிப்பது அவர் கடமை. அதில் தாட்சணியம் கூடாது. முதற்சால் கோணினால் அதையொட்டிச் செல்லும் சால்களும் கோணும் என்பது மெய்தான். எனினும், கண்ணுள்ள உழவன் ஏரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. அடுத்த சாலைச் சற்று நிமிர்த்துகிறான். அதற்கடுத்ததை இன்னும் சற்று நிமிர்த்துகிறான். வயல் முடியுமட்டும் அவன் கை மேழியை விடுவதில்லை.