அக்கா சொன்ன பதில்கள்

ஜூன் 3
அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். தம்பியின் பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் புத்தகம் கிடைத்தது. அதில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை. பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. முப்பத்திரண்டு வயதுவரை அவனுக்கென்று அம்மா எந்த உதவித்தொகைக்கும் எழுதிப் போடவில்லை. யார் கேட்டாலும், "அவனே எல்லாம் பாத்துக்குவான்" என்பாள்.

ஜூன் 5
முதலில் ஆதார் திருத்தம். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாகாமல் மனு நகராது.

ஜூன் 16
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போனேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இங்கே பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் 1,500. ஒருவருக்கு இரண்டும் கிடையாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், யாரோ சொன்னார்களென்று மகளுக்குத் தாலுகா ஆபீசில் அந்த ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது அதை நிறுத்தினால்தான் இங்கே மனு. "அன்னிக்கே ஒருத்தரும் சொல்லலையேம்மா" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டிய விஷயம் இது.

ஜூன் 26
மருத்துவச் சான்றுக்கான பரிசோதனை. அறிவுத்திறன் சோதனை முடிந்ததும், உளவியலாளர் என்னிடம் கேட்கத் தொடங்கினார். தானே குளிப்பாரா? கடையில் மீதிச் சில்லறை சரியாக வாங்குவாரா? தனியாகப் பஸ் ஏறுவாரா? அன்றாடத் திறனை அளக்கும் அளவுகோலே அப்படித்தான், கூட இருப்பவரைக் கேட்டுத்தான் போடுவார்கள். எங்களுக்கு முன்னால் போன பையனின் அம்மா, "எல்லாம் செய்வான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது வெளியே வரைக்கும் கேட்டது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பையனுக்கு இந்தத் தொகை இல்லை.

நான் உள்ளதைச் சொன்னேன். அடுப்பை அணைக்காமல் போனது, வேறு ஊரில் இறங்கி ராத்திரிவரை நின்றது, பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாதது. தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அக்கா, நான் பூ கட்டுவேன்ல?" என்றான்.

"கட்டுவான் சார். நெருக்கமா, அழகா கட்டுவான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஜூன் 27
தம்பி என்னோடு பேசவில்லை. காபியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

ஜூலை 9
75 சதவீதம். நிரந்தரச் சான்றா, காலக்கெடு போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். நிரந்தரம். சந்தோஷத்தில் சித்திக்குப் போன் செய்தேன். "எழுபத்தஞ்சு சித்தி!" என்று கத்திவிட்டு, அவன் பக்கத்தில் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 10
மனு கொடுத்தாயிற்று. ஒப்புகைச் சீட்டை நகல் எடுத்து வைத்தேன்.

ஜூலை 14
பதினெட்டு வயதைத் தாண்டியவனுக்கு, அக்கா என்பதாலேயே நான் வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழு என்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும். அதற்கான படிவத்தை மேசையில் பார்த்துவிட்டு, "என் பேரு நானே எழுதுவேனே" என்றான். எழுதியும் காட்டினான். வங்கியில் அவன் கையெழுத்தே போதுமா என்று நாளை கேட்க வேண்டும். அதுவரை படிவத்தை நிரப்பப்போவதில்லை.