நரம்பின் தூதும் தசையின் செவியும்

பேசத் தொடங்குகையில் தெளிவாக ஒலிக்கும் குரல் சிறிது நேரத்தில் மழுங்கும். காலையில் விரிந்த இமைகள் மாலையில் சரியும். ஓய்ந்திருந்தால் வலு ஓரளவு மீளும். மயஸ்தீனியா கிராவிஸ் எனும் இந்நோய்க்கு ஆளானோரிற் பலர் மனக்கோளாறுடையோரெனத் தவறாகக் கருதப்பட்டதுண்டு. உடலிற் குறை எதுவும் புலப்படாதவிடத்து மனத்தைக் குறைகூறுதல் எளிதன்றோ!

நரம்பு தசையைத் தொடுவதில்லை. இடையே நுண்ணியதொரு வெளி உண்டு. நரம்பின் முனை அசற்றைல்கோலீனைச் சொரிகின்றது. தசைக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதம் அதனைப் பற்றியதும் அயன்கள் உட்புக வழி திறக்கின்றது, தசை சுருங்குகின்றது. தூது சென்றால் மட்டும் போதாது, அதனைக் கேட்கும் செவியும் வேண்டும்.

1934 இல் கிறீன்விச் வைத்தியசாலையொன்றிற் பணியாற்றிய மேரி வோக்கர், இந்நோய் கியூராரே நஞ்சின் விளைவை ஒத்திருத்தல் கண்டு, அந்நஞ்சுக்கு மாற்றான பைசொஸ்ரிக்மீனை ஊசி மூலம் செலுத்தினார். சரிந்த இமை உயர்ந்தது, சில மணி நேரத்துக்கு மட்டும். அசற்றைல்கோலீனைச் சிதைக்கும் நொதியத்தை அம்மருந்து தடுத்ததேயன்றி நோயின் வேரை அணுகவில்லை.

வேர் 1973 இல் எதிர்பாராத திசையில் வெளிப்பட்டது. கலிபோர்ணியாவில் ஜிம் பற்றிக்கும் ஜோன் லிண்ட்ஸ்ரோமும் மின் விலாங்கிலிருந்து பிரித்தெடுத்த வாங்கிப் புரதத்தை முயல்களுக்கு ஏற்றினர். அவர்கள் வேண்டியது அப்புரதத்துக்கெதிரான பிறபொருளெதிரிகளையே. முயல்களோ தளர்ந்து வீழ்ந்தன. வோக்கரின் மருந்தை ஒத்த மருந்து கொடுத்தபோது அவை சிறிது நேரம் வலுப்பெற்றன. சோதனை பிழைத்ததென்று முயல்களை ஒதுக்காது அவற்றின் சோர்வையே ஆராய்ந்தமை அவ்விருவரின் பெருமை. உடலின் நிர்ப்பீடனம் தன் சொந்த வாங்கிகளையே பகையாகக் கொள்வதாற் பிறக்கும் நோய் இது என்பது துலங்கலாயிற்று. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர், கட்டுவிரியன் இனத்து நஞ்சிலுள்ள புரதமொன்று இவ்வாங்கிகளை இறுகப் பற்றுதலைப் பயன்படுத்தி, நோயாளரின் தசைகளில் அவை அருகியிருத்தலைக் காட்டினர். கட்டுவிரியன் தீண்டி இமை சரியக் கிடப்போரை இலங்கையின் உலர் வலய வைத்தியசாலைகள் நன்கறியும்.

மூளைக்கும் இக்கதை பொருந்துமென்பதை 2007 இல் யோசெப் டால்மாவும் துணைவரும் காட்டினர். மூளைக் கலங்களிலுள்ள என்.எம்.டீ.ஏ. வாங்கியைப் பிறபொருளெதிரிகள் தாக்கும்போது பிதற்றலும் அச்சமும் வலிப்பும் தோன்றுகின்றன. இளம் பெண்களே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர். சிலரிடம் சூலகக் கட்டியொன்றே தூண்டுதலாக அமைகின்றது. முதலில் மனநோய் வைத்தியரிடம் கொண்டுசெல்லப்பட்டோர் பலர். கட்டியை அகற்றி நிர்ப்பீடனத்தை அடக்கியபின் பெரும்பாலோர் மெல்ல மெல்ல மீள்கின்றனர். பித்தரெனப்பட்ட அந்த வாரங்களைப் பற்றிய நினைவு அவர்களுட் பலருக்கு இருப்பதில்லை.