மகன் விளையாடும் யுத்தம்

எங்கள் பிள்ளைகள் கொம்பியூட்டரில் விளையாடும் யுத்தத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பித்து விற்கிறார்கள். ஒரு கேம் நன்றாக விற்பனையானால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று தொடர்ந்து வரும். சுடுவதும் ஓடுவதும் பழையபடிதான். படம்தான் மாறுகிறது.

யுத்தம் முடிந்த 2009இல் என் மகன் என் வயிற்றில் இருந்தான். 1977 வன்செயலின்போது மாத்தளைத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. முகாமிலிருந்து வந்தபின் மீண்டும் இந்த மாவட்டத்துக்கே வந்து, இப்போது பல்லேகமவில் தையல் வேலை செய்கிறேன். பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். சட்டை தைக்கக் கொடுக்க வரும் சிங்களப் பெண்கள் புது நகரத்து ரோட்டைப் புகழ்ந்துவிட்டு, பழைய கடைத்தெருவைப் பற்றித்தான் நெடுநேரம் பேசுவார்கள்.

மகனுக்குப் பிடித்த கேம் 'கோல் ஒஃப் டியூட்டி'. முதலாவது 2003இல் வந்தது. இரண்டாம் உலக யுத்தக் கதை. அவனுடைய மாமா கொடுத்த பழைய கொம்பியூட்டரில் அதுதான் ஓடும். 2019இல் வந்த 'மொடர்ன் வோர்ஃபெயார்' அதில் ஓடாது. ஆகவே மற்றவர்கள் விளையாடுவதை யூடியூபில் பார்க்கிறான்.

"இத பாருங்கம்மா, அத பாருங்க" என்று ஒருநாள் இரண்டையும் காட்டினான். பழையதில் மனிதர்களின் விரல்கள் மரக்கட்டை போல ஒட்டிக்கொண்டிருந்தன. உருவங்களைச் சின்னச் சின்ன முக்கோணங்களைப் பொருத்தித்தான் செய்கிறார்களாம். முக்கோணங்கள் கூடக் கூட முகம் உருண்டு வருமாம். புதியதில் உண்மையான பொருட்களைப் பல பக்கங்களிலிருந்தும் போட்டோ பிடித்து, அதிலிருந்து கொம்பியூட்டரே உருவத்தைக் கணக்கிடுகிறது. துணியின் இழை தெரிந்தது. தையல்காரியான நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பிறகு ஒரு கட்டம் வந்தது. கற்பனை நாடு ஒன்று. குண்டு விழுந்த வீட்டின் இடிபாட்டுக்குள், இறந்த தாயின் பக்கத்தில் ஒரு சிறுமி கிடக்கிறாள். ஆட்கள் தோண்டி வெளியே எடுக்கிறார்கள். தூசி அப்படியே இருந்தது. செய்தவர்கள் கவனமாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் சிறிது நேரத்தில் அந்தச் சிறுமியே ஓர் இராணுவ வீரனைக் குத்திக் கொல்ல வேண்டும். கொல்லாவிட்டால் கேம் மேலே போகாது. ஐரோப்பாவில் இதை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே வகைப்படுத்தியுள்ளார்கள். எங்கள் வீடுகளில் யார் வயது பார்க்கிறார்கள்?

சகோதரிகளே, இவ்வளவு தெளிவான படத்திலும் நான் தேடியதைக் காணவில்லை. பங்கருக்கு மேலே அடுக்க நாங்கள் கல்யாணச் சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினோம். பட்டுச் சேலையில் மண் நன்றாகத் தங்கும், நைலெக்ஸ் கிழிந்துவிடும். கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். அந்தக் கேமில் எவரும் வரிசையில் நிற்கவில்லை.

போலந்து நாட்டில் செய்த வேறொரு கேம் இருக்கிறது. பெயர் 'திஸ் வோர் ஒஃப் மைன்', 2014இல் வந்தது. 1992 முதல் 1996 வரை சரஜேவோ நகரம் முற்றுகையில் இருந்ததை நினைத்துச் செய்தார்கள். அதில் நாங்கள் பொதுமக்கள். உணவும் மருந்தும் தேடி, குளிருக்கு அடுப்பு மூட்டி உயிர்வாழ வேண்டும். படம் பென்சிலால் கீறியது போல சாம்பல் நிறம். 2020இல் போலந்து அரசாங்கம் பாடசாலை மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலிலேயே அதைச் சேர்த்தது. என் கண்ணுக்கு அந்த மங்கல் படம்தான் எங்கள் பங்கருக்குக் கிட்ட வருகிறது.

அதைப் போனில் விளையாடிப் பார்த்த மகன், சலிப்பாக இருக்கிறது, பசியும் நோயும்தான் என்றான். பிறகு, "நீங்க எத்தன பை தச்சீங்கம்மா?" என்று கேட்டான்.

எண்ணவில்லை. ஊசி இரண்டு உடைந்தது மட்டும் ஞாபகம் என்று சொன்னேன். எந்தச் சேலை, என்ன நிறம் என்று மேலும் கேட்டான்.